மாலத்தீவும் உயரும் கடலும்: திருவொற்றியூரில் கேட்கப்பட்ட கேள்விகளும் விடைகளும்

திருவொற்றியூர் கடற்கரையை ஒட்டிய எங்கள் படிப்பகத்தில் மாதம் ஒரு ஞாயிறு மாலையில் கடலைப் பற்றிப் பேசுவது வழக்கம். அண்மையில் சில மாதங்கள் தொடர்ந்து மாலத்தீவைப் பற்றிப் பேசினோம். காசிமேட்டிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வந்த மீனவர்களும், மீன் விற்கும் பெண்களும், பள்ளி மாணவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவற்றுக்கு நான் அளித்த விடைகளையும் சற்றுத் திருத்தி இங்கே தொகுத்திருக்கிறேன்.

எங்கோ இருக்கும் ஒரு சிறிய நாட்டைப் பற்றி வடசென்னையில் உட்கார்ந்து நாம் ஏன் பேச வேண்டும்?

மாலத்தீவு எங்கோ இருக்கும் நாடு அல்ல. தூத்துக்குடியிலிருந்து அதன் தலைநகரான மாலே ஏறத்தாழ 700 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடித் தோணிகள் அங்கே போய்வருகின்றன. அந்நாட்டவரும் தங்கள் படகைத் தோனி என்றே அழைக்கிறார்கள். முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் வரும் 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' என்பது இத்தீவுகளையே குறிக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள்.

இவற்றைவிட நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. கரையைக் கடல் தின்பது எப்படி என்பதை இராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் நாம் வீட்டு வாசலில் நின்றே பார்த்திருக்கிறோம். நமக்குப் பின்னால் ஒரு கண்டம் இருக்கிறது. மணலியிலோ மாதவரத்திலோ உறவினர் வீடாவது இருக்கும். மாலத்தீவினருக்குப் பின்னாலும் கடலே இருக்கிறது. உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் அவர்களுடைய பங்கு சுமார் 0.003 விழுக்காடு மட்டுமே என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், இந்தப் பேச்சு ஏன் தேவை என்பது விளங்கும்.

அந்தத் தீவுகள் எவ்வளவு தாழ்வானவை? எதனால் ஆனவை?

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ளன. அவற்றில் மக்கள் ஊராக வாழ்பவை இருநூறுக்கும் குறைவு. எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினாலும் சுமார் 300 சதுர கி.மீ. தான் வரும். அந்த நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தைக்கூட எட்டுவதில்லை.

அவற்றில் மலை இல்லை, ஆறு இல்லை, கருங்கல்லும் இல்லை. கடலடியில் அமிழ்ந்துபோன பழைய எரிமலைத் தொடரின் மேல் பவளப் பார்கள், அதாவது பவள உயிர்கள் கட்டும் பாறைத் திட்டுகள், வளர்ந்து வளையங்களாக நிற்கின்றன. அந்தப் பார்கள் உடைந்து பொடியான மணல் குவிந்ததே தீவு. வளையத்தைக் குறிக்கும் 'அட்டோல்' என்ற சொல்லே அவர்களுடைய திவெஹி மொழியிலிருந்து உலக மொழிகளுக்குச் சென்றதுதான். நம் கரைக்கு மணலை ஆறுகள் கொண்டுவருகின்றன; அவர்களுக்கு மணலை உயிருள்ள பார் தருகிறது. பவளத்தைச் சுரண்டித் தின்னும் கிளிமீன்கள் வெளியேற்றும் கழிவே அங்கு வெண்மணலாகப் படிகிறது. வக்காரு என்னும் தீவை ஒட்டிய பார்களில் 2015இல் வெளியான ஓர் ஆய்வு, புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளிமீன்கள் தருவது என்று கண்டது. இனி வரும் விடைகள் பலவும் இந்த ஒரு செய்தியையே சுற்றிவரும் என்பதால் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எந்த ஆண்டில் மாலத்தீவு மூழ்கும்?

மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். கேள்வியே சற்றுத் தவறான திசையைக் காட்டுகிறது என்பது என் கருத்து.

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஐபிசிசி எனப்படும் பன்னாட்டு அரசுகளின் காலநிலைக் குழு 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகக் கடல் மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 செ.மீ. உயர்ந்தது; 2006க்குப் பிறகு ஆண்டுக்கு 3.7 மி.மீ. என்ற வேகத்தில் உயர்ந்தது. 2100ஆம் ஆண்டுக்குள் இந்த உயர்வு, வாயு வெளியேற்றத்தை உலகம் மிக விரைவாகக் குறைத்தால் 28 முதல் 55 செ.மீ. வரையும், மிக அதிகமாக வெளியேற்றிக்கொண்டே போனால் 63 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரையும் இருக்கக்கூடும்.

தீவின் உயரத்திலிருந்து இந்த எண்ணைக் கழித்து மூழ்கும் ஆண்டைக் கணக்கிடுவது எளிது. ஆனால் மணல் தீவு சிமெண்டுத் தரை அல்ல. அலை மணலை எடுத்துச் செல்லும், திரும்பக் கொண்டுவந்தும் போடும். பசிபிக் கடலில் உள்ள துவாலு நாட்டின் 101 தீவுகளை 1971 முதல் 2014 வரை எடுத்த படங்களைக் கொண்டு ஒப்பிட்ட ஆய்வு, அந்நாட்டின் மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருந்ததைக் கண்டது. சில தீவுகள் சிறுத்தன. பல தீவுகள் பெருத்தன. சில ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் வளர்ந்தன.

இதைப் படித்ததும் ஆபத்தே இல்லை என்று சொல்லப் புறப்படுபவர்கள் உண்டு. அது பெரும் பிழை. தீவு இப்படித் தன்னைச் சரிசெய்துகொள்ள இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: மணல் தரும் பார் உயிரோடு இருக்க வேண்டும், மணல் தடையின்றி நகர வேண்டும். முதல் நிபந்தனையைக் கடலின் வெப்பம் முறிக்கிறது. 1998இல், பசிபிக் கடல் அவ்வப்போது வழக்கத்தைவிடச் சூடேறும் எல் நினோ என்ற நிகழ்வால் கடல்நீர் சூடேறியபோது மாலத்தீவின் ஆழங்குறைந்த பார்களில் பத்தில் ஒன்பது பங்குப் பவளம் வெளிறி மடிந்தது. மெல்லத் தேறிவந்த பார்களை 2016இல் மீண்டும் வெப்பம் தாக்கியது. உலக வெப்பம் 1.5 பாகை உயர்ந்தால் பவளப் பார்களில் 70 முதல் 90 விழுக்காடும், 2 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ முழுவதும் அழியும் என்று ஐபிசிசி 2018இல் எச்சரித்தது. இரண்டாவது நிபந்தனையைப் பெரும்பாலும் முறிப்பவர்கள் மனிதர்களே. அதைச் சுவர் பற்றிய விடையில் சொல்கிறேன்.

அது மட்டுமன்று, வரைபடத்தில் ஒரு தீவு இருப்பதும் அதில் மனிதர்கள் வாழ முடிவதும் வேறு வேறு. வெளியேற வேண்டிய நாள், தீவு மூழ்கும் நாளுக்கு நெடுங்காலம் முன்பே வந்துவிடக்கூடும்; பெரும்பாலும் அந்த நாளை முடிவு செய்வது கிணற்று நீராகத்தான் இருக்கும்.

சுற்றிலும் கடல் இருக்கும் தீவில் கிணற்றில் நல்ல தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது?

மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்பு நீரைவிட எடை குறைவானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. இந்த நன்னீர்த் திரள் நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்கிறார்கள். பொதுவான கணக்கின்படி, நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால், மேலே ஓர் அடி குறைந்தால் கீழே நாற்பது அடி போய்விடும். சிறிய தீவுகளில் வில்லை இதைவிட மெல்லியதாகவே இருக்கும். அளவுக்கு மேல் இறைத்தாலும், மழை பொய்த்தாலும், கரை தேய்ந்து தீவு குறுகினாலும் அது சுருங்கும். பேரலை ஒருமுறை தீவின்மேல் ஏறிப் போனால் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் உப்பாகிவிடும்.

நமக்கு இது புதிய செய்தி அன்று. மீஞ்சூர்ப் பகுதியில் நகரத்துக்காகவும் வேளாண்மைக்காகவும் நிலத்தடி நீரை அளவின்றி எடுத்ததால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்ததை நாம் அறிவோம். பின்னர், காட்டுப்பள்ளியில் நாள்தோறும் 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் திறக்கப்பட்டு, வடசென்னையின் குடங்கள் ஓரளவு அதனால் நிறைகின்றன. மாலே நகரத்தின் கதையும் இதுவே. அங்கே நிலத்தடி நீர் கெட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நகரம் முழுவதும் கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கிறது. 2014 டிசம்பர் 4 அன்று மாலேயின் சுத்திகரிப்பு ஆலையில் தீப்பிடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் குடிநீரின்றி நின்றார்கள். இந்தியா விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் தண்ணீர் அனுப்பியது. நமக்கு ஆலை நின்றால் ஏரி உண்டு, லாரி உண்டு. அவர்களுக்கு மழைத்தொட்டி ஒன்றுதான் உண்டு. ஆலையை இயக்கும் மின்சாரமும் பெரும்பாலும் இறக்குமதியாகும் டீசலில் இருந்தே வருகிறது.

ஆகவே அங்கு தகவமைப்பு, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப வாழ்வைச் சரிசெய்துகொள்வது, என்றால் முதலில் தண்ணீர்தான். வளரும் நாடுகளின் காலநிலைப் பணிகளுக்குப் பணம் தரும் பன்னாட்டு அமைப்பான பசுமைக் காலநிலை நிதியம் 2015இல் முதன்முதலாக ஒப்புதல் அளித்த எட்டுத் திட்டங்களில் ஒன்று, மாலத்தீவின் 49 தீவுகளில் மழைநீர் சேமிப்பையும் கடல்நீர்ச் சுத்திகரிப்பையும் இணைத்துக் குடிநீர் வழங்குவதாகும். பெரிய சுவர்களைப்போல் இது படங்களில் எடுப்பாகத் தெரியாது. ஆனால் ஒரு குடும்பம் தன் தீவில் இன்னும் இருபது ஆண்டுகள் இருப்பதா, தலைநகருக்குப் போவதா என்பதை இந்தத் தொட்டிகளே முடிவு செய்கின்றன.

புயல் அடிக்காத நாட்டில் கடல் எப்படி ஊருக்குள் வருகிறது?

நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் மாலத்தீவில் புயல் அரிது என்பது உண்மை. ஆனால் தெற்கே பல ஆயிரம் கி.மீ. தொலைவில் எழும் புயல் கிளப்பிய நெடிய அலைகள், காற்றே இல்லாத நாளில் வந்து கரையேறும். இதைக் கேரளக் கடற்கரையிலும் நம் தென்மாவட்டங்களிலும் கள்ளக்கடல் என்கிறோம். மாலத்தீவில் உதா என்கிறார்கள். 2007 மே மாதத்தில் இவ்வாறு வந்த அலைகள் பல தீவுகளை ஒரே வேளையில் நனைத்தன. கடல் மட்டம் சில அங்குலம் உயர்ந்தாலே, முன்பு கரையோடு திரும்பிய அலை இப்போது தெருவுக்கு வரும். பார் மடிந்து மட்டமானால் அலையின் வேகத்தைத் தணிக்கவும் ஆளில்லை.

சுற்றிலும் சுவர் எழுப்பினால் போதாதா? இங்கும் கருங்கல் கொட்டித்தானே ஊரைக் காத்தார்கள்?

இக்கேள்வியைக் கேட்ட பெரியவரிடம், கல் கொட்டிய பிறகு வடக்கே இருந்த ஊருக்கு என்ன ஆயிற்று என்று நான் திருப்பிக் கேட்டேன். அவரே விடை சொல்லிவிட்டார்.

நம் கரையில் மணல் ஆண்டு முழுவதும் கணக்கிட்டால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, அந்த மணல் தெற்கே தேங்கி மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்து நின்று இராயபுரத்திலிருந்து கரை தேயத் தொடங்கியது. தேய்ந்த இடத்தில் கல் கொட்டினார்கள். அரிப்பு அதற்கு அடுத்த ஊருக்குப் போயிற்று. பின்னர்த் தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவர்கள், வந்தன. வளைவின் தெற்கே மணல் சேர்ந்து மீனவர் படகை ஏற்ற இடம் கிடைத்தது உண்மை. அதன் வடக்கே இருப்பவர் அடுத்த வளைவுக்கு மனு எழுத வேண்டியதாயிற்று என்பதும் உண்மை.

மாலத்தீவில் இதே செயல் ஒரு சிறிய வட்டத்துக்குள் நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றில் தீவின் ஒரு பக்கத்து மணல் மறுபக்கம் போகும்; வடகிழக்குப் பருவத்தில் திரும்பி வரும். கரை இப்படி ஆண்டுதோறும் சுற்றிவருவதே தீவின் மூச்சு. படகுத்துறைக்காகப் பாரை வெட்டி ஆழமாக்கி, இருபுறமும் சுவர் நீட்டினால் மணல் திரும்பும் வழி அடைபடும். ஒரு பக்கம் தேய்ந்துகொண்டே போகும். அங்கே சுவர் கட்டுவார்கள். சுவரில் மோதிய அலை அடிமணலை இழுத்துச் செல்லும். முன்காலத்தில் வீடு கட்டப் பவளக்கல்லையே வெட்டி எடுத்ததால், பல ஊர்களின் முன்னிருந்த பார் வெப்பம் வருவதற்கு முன்பே மெலிந்திருந்தது.

ஆயினும் சுவரே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1987 ஏப்ரலில் பேரலைகள் மாலேயைத் தாக்கியபோது, பாரின் விளிம்புவரை நிரப்பிப் புதிதாக உண்டாக்கிய நிலம் பெரும் சேதமடைந்தது. அதன்பிறகு ஜப்பானின் நிதியுதவியால் நான்கு கால் கொண்ட கான்கிரீட் கட்டைகளை அடுக்கி நகரைச் சுற்றி அரண் எழுப்பும் வேலை தொடங்கி 2002இல் முடிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது தலைநகருக்கு நேரவிருந்த அழிவை அது பெரிதும் குறைத்தது. அத்தனை மக்கள் நெருங்கி வாழும் இடத்துக்குச் சுவர் தேவைதான். சில நூறு பேர் வாழும் தீவு ஒவ்வொன்றுக்கும் அப்படிக் கட்டப் பணமும் இல்லை. கட்டினால் அந்தத் தீவைத் தீவாக வைத்திருக்கும் மணலோட்டமும் நின்றுவிடும். கரையிலிருந்து வீடுகளைத் தள்ளிக் கட்டுவது, கரையோரச் செடிகொடிகளை வெட்டாமல் விடுவது, படகுத்துறையை மணலோட்டம் பார்த்து அமைப்பது, கிளிமீனைப் பிடிக்காமல் காப்பது ஆகியவை சுவரைவிட மலிவானவை. அவற்றைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும் என்பதை இங்கே கல்லையும் வளைவையும் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் உறுதியாக எண்ணுகிறேன்.

புதிய உயரமான தீவையே உண்டாக்கியிருக்கிறார்கள் என்கிறார்களே?

ஆம். மாலேக்கு அருகில் ஹுல்ஹுமாலே என்ற தீவை 1997 முதல் கடலடி மணலை வாரிக் கொட்டி உண்டாக்கினார்கள். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் இரண்டு மீட்டர் உயரம். 2004இல் மக்கள் குடியேறத் தொடங்கினர். 2018இல் சீனாவின் உதவியால் கட்டிய பாலம் அதை மாலேயுடன் இணைத்தது. நெரிசலில் தவித்த தலைநகருக்கு இது மூச்சு விட இடம் தந்தது. ஆனால் மணல் வாரும்போது எழும் சேறு அக்கம்பக்கத்துப் பார்களின் மேல் படிந்து அவற்றைத் திணறச் செய்கிறது. புதிய நிலத்தைப் பெறத் தீவைப் பெற்ற பாரையே கொடுக்க நேர்கிறது என்பதை அந்நாட்டுச் சூழலியலாளர்களும் சொல்லிவருகிறார்கள்.

மக்களை வேறு தீவுக்கு மாற்றிவிடலாமே?

மாற்றியிருக்கிறார்கள். சுனாமியில் மாலத்தீவில் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். ஓர் ஆண்டு நாட்டு வருமானத்தில் சுமார் 62 விழுக்காட்டுக்கு ஈடான இழப்பு நேர்ந்தது. ரா என்னும் பவள வளையத்திலிருந்த கந்தொல்ஹுது என்னும் நெரிசலான மீனவத் தீவை அதன் மக்கள் முற்றாகக் கைவிட்டார்கள். நான்கு ஆண்டுகளுக்கு மேல் பல தீவுகளில் தற்காலிகக் கொட்டகைகளில் சிதறி வாழ்ந்த ஏறத்தாழ 4,000 பேருக்காக, ஆளில்லாதிருந்த துவாஃபரு தீவில் செஞ்சிலுவை இயக்கத்தின் உதவியுடன் சுமார் 600 வீடுகளும் பள்ளியும் கட்டப்பட்டு 2009இல் ஒப்படைக்கப்பட்டன.

இதை எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் வாழும் ஒருவரிடம் சொன்னபோது, 'வீட்டிலிருந்து கடல் தெரியுமா?' என்பதே அவருடைய முதல் கேள்வியாக இருந்தது. தெரியும். ஊர் முழுவதும் சேர்ந்து, மீன்பிடித் தொழில் தொடரக்கூடிய இடத்துக்குப் போனதே துவாஃபரு நிலைத்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். குடும்பம் குடும்பமாகப் பிரித்து மாலேயின் மாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பியிருந்தால் தலைக்கு மேல் கூரை இருந்திருக்கும், ஊர் இருந்திருக்காது.

நிலமே போய்விட்டால் அது நாடாக இருக்குமா? மக்கள் அகதிகள் ஆவார்களா?

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, கடல் உயர்ந்ததால் வெளியேறுவோரைப் பற்றிப் பேசவில்லை. அதனால் ஒவ்வொரு நாடும் தனக்குத் தெரிந்த வழியைத் தேடுகிறது. பசிபிக் தீவு நாடான கிரிபாட்டி 2014இல் ஃபிஜியில் நிலம் வாங்கியது. மாலத்தீவின் அதிபராக இருந்த முகமது நஷீத், இந்தியாவிலோ இலங்கையிலோ ஆஸ்திரேலியாவிலோ நிலம் வாங்கச் சேமிக்க வேண்டும் என்று 2008இல் சொன்னார், அது நடைபெறவில்லை. துவாலுவின் மக்களில் ஆண்டுக்கு 280 பேர் வரை குடியேற ஆஸ்திரேலியா ஓர் ஒப்பந்தத்தின் மூலம் இடமளித்திருக்கிறது. அது 2024இல் நடைமுறைக்கு வந்தது.

நாடு என்ற தகுதியைப் பொறுத்தவரை, பசிபிக் தீவு நாடான வனுவாட்டு முன்னின்று கேட்டதன் பேரில் பன்னாட்டு நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று அளித்த கருத்துரை முதன்மையானது. நிறுவப்பட்ட ஒரு நாடு, அதன் கூறுகளில் ஒன்றை இழப்பதனால் மட்டும் நாடு என்ற தகுதியை இழந்துவிடும் என்பதில்லை என்று அது கூறியது. நாடு என்ற தகுதி போனால் கடல்மேல் உள்ள உரிமையும் கேள்விக்குள்ளாகும் என்பதால் கடல் எல்லைக்கும் இதில் இடமுண்டு: மாலத்தீவின் நிலம் 300 சதுர கி.மீ. என்றாலும் அதன் மீன்பிடி உரிமைக்குரிய கடல் சுமார் 9 லட்சம் சதுர கி.மீ. இருக்கிறது.

இதற்கெல்லாம் பணம் யார் தருவது?

சிறு தீவு நாடுகள் 1989 நவம்பரில் மாலேயில் கூடிக் கடல் மட்ட உயர்வைப் பற்றிய அறிக்கை ஒன்றை வெளியிட்டன. மறு ஆண்டு அவற்றின் கூட்டணி பிறந்தது. அந்தக் கூட்டணியின் சார்பில் வனுவாட்டு 1991இலேயே இழப்பை ஈடுசெய்யும் பன்னாட்டு ஏற்பாடு ஒன்றைக் கேட்டது. காலநிலை மாற்றத்தால் இழப்புக்குள்ளாகும் நாடுகளுக்கு உதவும் இழப்பு மற்றும் சேத நிதியத்தை அமைக்க உலக நாடுகள் ஒப்புக்கொண்டது 2022இல், எகிப்தில் நடந்த மாநாட்டில். முப்பத்தொரு ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்துவிட்டது.

மாலத்தீவுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. சுற்றுலா வருமானத்தால் அது 2011 ஜனவரியில் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து வெளியேறியது; அதனால் மானியமாகக் கிடைத்தவை பல கடனாக மாறின. 2015 முதல் சுற்றுலாப் பயணிகளிடம் பசுமை வரி வாங்குகிறார்கள். தான் உண்டாக்காத சேதத்தைத் தடுக்க ஒரு நாடு வட்டிக்குக் கடன் வாங்குவது நியாயமன்று என்பதை இங்கே வெளிப்படையாகவே பதிவு செய்கிறேன்.

மாசிக் கருவாடு இனியும் வருமா?

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அக்கா இதைக் கேட்டபோது கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஆனால் அன்று கேட்கப்பட்டவற்றுள் ஆழமான கேள்வி அதுவே. மாசி, மாலத்தீவினர் சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டு உலர்த்திச் செய்வது. அங்கு சூரையை வலைபோட்டுப் பிடிப்பதில்லை. ஒருவர் ஒரு கழியும் ஒரு தூண்டிலும் கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்குகிறார். சூரைக் கூட்டத்தைப் படகருகே நிறுத்தி வைக்க, உயிருள்ள சிறு மீன்களை அள்ளிக் கடலில் வீச வேண்டும். அந்த இரைமீன்களைப் பவளப் பார்களை ஒட்டிய ஆழங்குறைந்த நீரில்தான் விடியுமுன் பிடிக்கிறார்கள். சூரை ஆழ்கடலில் நிறைய இருந்தாலும், பார் மடிந்து இரைமீன் இல்லாத காலையில் தோனி கரையிலேயே நிற்கும். இதை நான் சொல்லி முடித்ததும் அந்த அக்கா, 'அப்படியென்றால் அவர்கள் முதலில் பாரைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்றார்.